விஞ்ஞானியிடம் நாம் என்ன கேட்கிறோம்?



நம் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு விஞ்ஞானி சிறப்பு விருந்தினராக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்புரை, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் முறைப்படி நடக்கும். அவர் பேசுவார்; நாம் கைதட்டுவோம். "மாணவர்கள் வினா எழுப்பலாம்" என்று அறிவித்ததும், ஆசிரியர் முன்னதாகவே எழுதிக் கொடுத்து மனனம் செய்யவைத்த மூன்று கேள்விகள் எழும். "தங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?", "தங்களைப் போல் ஆவதற்கு எந்தப் பாடம் படிக்க வேண்டும்?", "மாணவர்களுக்குத் தாங்கள் கூறும் அறிவுரை யாது?" விருந்தினர் புன்னகையோடு விடை கூறுவார். தேநீர் அருந்துவார். புகைப்படம் எடுத்துக்கொண்ட பின் கார் புறப்பட்டுவிடும்.

செங்கோட்டையில் பிறந்த சகோதரி நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தார். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் அது ஏவப்பட்டபோதும், பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையை 2024 ஜனவரி 6ஆம் நாள் சென்றடைந்தபோதும் நம் வீடுகளில் பெருமிதம் பொங்கியது. பொங்க வேண்டியதுதான். நெல்லை அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்த ஒரு முஸ்லிம் பெண்மணி அந்த இடத்தில் நின்றது சாதாரணச் செய்தியா? ஆயினும் நாம் பெருமிதத்தோடு நின்றுவிடுகிறோம். கண்டுபிடிப்பாளர்களைக் கைதட்டி அனுப்பிவைக்கிறோமே தவிர, உட்காரவைத்துப் பேசுவதில்லை. "இந்தக் கருவியை யாருக்காகச் செய்தீர்கள்? அவரிடம் கேட்டுச் செய்தீர்களா?" என்று வினவுவாரும் இல்லை, "எங்கள் ஊரில் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது, இதற்கு உங்கள் துறையில் வழி உண்டா?" என்று எழுந்து சொல்வாரும் இல்லை.

மதரஸாவில் உஸ்தாதிடம் ஒரு வினாவும் எழுப்பாத மாணவன் பாடத்தை விளங்கிக்கொள்ளவில்லை என்றே நாங்கள் கொள்வோம். அந்த வழக்கம் விஞ்ஞானம் என்று வந்ததும் ஏனோ மறைந்துவிடுகிறது.

நான் கலைப் பட்டதாரி. ராக்கெட்டின் கணக்கு எனக்குப் புரியாது. ஆனால் நம் காலத்தில் நம் மக்களுக்குப் பயன்பட்ட சில கருவிகள் எப்படிப் பிறந்தன என்று தேடிப் படித்தபோது, அவற்றின் தொடக்கத்தில் ஓர் உரையாடல் இருப்பதைக் கண்டேன். உரையாடல் நடக்காத இடத்தில் கருவி பிறக்கத் தவித்ததையும் கண்டேன். அவற்றில் சிலவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று கிலோ சுமை

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை நாம் ஏவுகணைகளோடு சேர்த்தே நினைக்கிறோம். 1989 மே 22ஆம் நாள் முதல் அக்னி ஏவுகணை பாய்ந்தது. விண்வெளிக்குச் சென்ற ஏவுகணை மீண்டும் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது உராய்வினால் அதன் முனை கடும் வெப்பத்துக்கு உள்ளாகும். உலோகம் தாங்காது; தாங்கினாலும் கனக்கும். ஆகவே இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும் கலப்புப் பொருள்களை உருவாக்கும் கலையை ஐதராபாத்திலிருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தினர் கற்றுத் தேர்ந்திருந்தனர்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒருநாள் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். அங்கிருந்த பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் இலேசு அவரை வியப்பில் ஆழ்த்தியது. பாராட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கலாமைத் தம் மருத்துவமனைக்கே அழைத்துச் சென்றார். போலியோவினால் கால் சூம்பிய சிறுவர் சிறுமியர், ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பர்களைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்ததைக் காட்டினார். இவர்களுடைய துன்பத்தைக் குறைக்க உங்களால் ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்டார்.

மூன்றே வாரத்தில் சுமார் 300 கிராம் எடையில் காலிப்பர்கள் தயாராயின. அவற்றை அணிந்த பிள்ளைகள் நம்பமுடியாமல் ஓடியாடியதையும் பெற்றோர் கண்ணீர் வடித்ததையும் கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லி வந்தார். தம் வாழ்வின் பேரின்பங்களில் ஒன்றாக அதை அவர் கணக்கிட்டார். அக்னி வானில் பாய்ந்தது அவருக்கு மகிழ்ச்சி அளித்திருக்கும். ஆனால் கூட்டங்களில் பேரின்பமாக அவர் நினைவுகூர்ந்தவற்றில் இந்தக் காலிப்பரும் ஒன்று.

அந்தப் பொருள் அதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அந்தக் குழந்தைகளும் அதே ஐதராபாத் நகரில் இருந்தார்கள். இடையில் இருந்த தூரத்தைக் கடந்தது ஒரு மருத்துவரின் வினா. இதய நோயாளிகளுக்காக இருதய மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து குறைந்த விலை ஸ்டென்ட் ஒன்றை 1990களில் கலாம் உருவாக்கியதும் இத்தகைய பேச்சுவார்த்தையில் விளைந்ததே.

கலாமை விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பியதும் உரையாடல்தான். இராமேசுவரத்தில் அவரைவிடப் பதினைந்து வயது மூத்த உறவினர் ஜலாலுதீன், மாலை வேளைகளில் அந்தச் சிறுவனோடு நடந்துகொண்டே பேசுவார். புதிய கண்டுபிடிப்புகள், மருத்துவ சாதனைகள், படித்த மனிதர்கள் என்று பேச்சு விரியும். குடும்பச் சூழலால் தம் படிப்பைத் தொடர முடியாதவர் ஜலாலுதீன். அந்தத் தீவில் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவராக அன்று அவரே இருந்ததால் கேட்டவர்க்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவர். பட்டமோ ஆய்வுக்கூடமோ அவரிடம் இல்லை. ஆயினும் ஒரு விஞ்ஞானிக்கு முதல் உரையாடல் தோழர் அவர்தாம். 'அக்னிச் சிறகுகள்' நூலைப் படித்தவர்கள் ஏவுகணைப் பகுதியை மறந்தாலும் ஜலாலுதீனை மறக்கமாட்டார்கள்.

கலாம் 2015 ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருக்கையிலேயே சரிந்து மறைந்தார். காலிப்பரின் கதை அவரோடு முடிந்துவிடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் புனர்வாழ்வுக் கருவி ஆய்வு மையம், சக்கர நாற்காலியில் இருப்பவர் பிறர் உதவியின்றித் தாமே எழுந்து நிற்கும் நிலைக்கு வருவதற்கான 'அரைஸ்' என்னும் நாற்காலியை 2019இல் வெளியிட்டது. நடக்க இயலாதவருக்கு நடை வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? பகல் முழுதும் உட்கார்ந்தே இருப்பவரைக் கேட்டால் வேறு விடை வரும்: கொஞ்ச நேரம் நிற்கவேண்டும், அலமாரியில் இருப்பதை எட்டி எடுக்கவேண்டும், எதிரில் நிற்பவரின் முகத்துக்கு நேராகப் பேசவேண்டும். உட்கார்ந்தே இருந்தால் புண்ணாகும் உடலுக்கும் அது நல்லது.

வாய் திறவாத பெண்கள்

அடுத்ததாகச் சொல்லவிருப்பது சற்றுக் கூச்சம் தரும் செய்தி. குடும்ப இதழில் இதை எழுதலாமா என்று சில பெரியவர்கள் புருவம் உயர்த்தக்கூடும். ஃபிக்ஹுப் பாடத்தில் 'ஹைளு' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. மாதவிடாய் பற்றி ஆண் மாணவர்களும் வரி வரியாக ஓதுகிறார்கள். மார்க்கச் சட்டமாக ஓதுவதற்கு வெட்கப்படாத நாம், வீட்டுப் பெண்களின் உடல்நலமாகப் பேசுவதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய ஒரு தொழிலாளி. 1998இல் அவருக்குத் திருமணம் ஆனது. மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடையில் நாப்கின் விற்கிறதே என்றார். அதை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கும் காசைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று பதில் வந்தது. கடையில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். சில கிராம் பஞ்சு போன்ற ஒன்று. இதற்கா இவ்வளவு விலை என்று தாமே பஞ்சில் செய்து மனைவியிடம் கொடுத்தார். பயன்படவில்லை.

ஏன் பயன்படவில்லை என்று சொல்வதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. மனைவி ஓரளவுக்கு மேல் பேச மறுத்தார். சகோதரிகள் விலகிக்கொண்டனர். மருத்துவக் கல்லூரி மாணவிகளாவது கூச்சமின்றிப் பேசுவர் என்று எண்ணி அவர்களிடம் நாப்கினையும் கருத்துப் படிவத்தையும் கொடுத்தார். சில மாணவிகளே உட்கார்ந்து எல்லாருடைய படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்ததைப் பின்னர் கண்டார்! கடைசியில் ஆட்டிரத்தம் நிரப்பிய பந்துப் பையைத் தம் உடலில் கட்டிக்கொண்டு தாமே சோதனைக்கு ஆளானார். ஊர் அவரைப் பித்தன் என்றது. மனைவி பிரிந்து போனார். தாயும் வீட்டை விட்டு வெளியேறினார்.

பஞ்சு ஈரத்தை உறிஞ்சுமே தவிர, அழுத்தம் பட்டால் பிடித்து வைத்துக்கொள்ளாது. கம்பெனி நாப்கினுக்குள் இருந்தது மரக்கூழிலிருந்து எடுத்த நார் என்பது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைந்த பிறகே அவருக்குத் தெரியவந்தது. அதைத் தயாரிக்கும் வெளிநாட்டு எந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில் இருந்தது. முருகானந்தம் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்: மரக்கூழை அடித்துப் பஞ்சுபோல் ஆக்க ஒரு கருவி, வடிவாக அழுத்த ஒரு கருவி, உறை சுற்றி ஒட்ட ஒன்று, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்க ஒன்று. சுமார் 65,000 ரூபாயில் மகளிர் குழுவினர் தாமே இயக்கக்கூடிய எந்திரத் தொகுதி உருவாயிற்று. 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதைக் காட்டினார். பிரிந்த மனைவி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

திரைப்படமாகவும் வந்துவிட்ட இந்தக் கதையில் அவருடைய விடாமுயற்சியைத்தான் எல்லாரும் போற்றுகிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. நாலு பெண்கள் நாலு வாக்கியம் பேசியிருந்தால் எத்தனை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்! அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. பேசக்கூடாது என்று அவர்களை வளர்த்தது நாம்தானே. தாய்மார்களே, உங்கள் பெண்மக்கள் தங்கள் உடலின் தொல்லையை உங்களிடமாவது திறந்து சொல்லும் நிலையில் இருக்கிறார்களா?

கடலில் எழுந்த குரல்

நம் புதுக்கோட்டை மாவட்டத்தை வறண்ட பூமி என்றே வெளியூரார் எண்ணுகிறார்கள். கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் நம்முடையவை என்பதை மறந்துவிடுகிறார்கள். அங்கே கடலுக்குச் செல்வோரில் நம் சமுதாயத்தினரும் உண்டு. பிற சமுதாயத்தினரும் உண்டு. கரையில் காத்திருக்கும் பெண்களுக்கு அந்த வேற்றுமை கிடையாது. ஆகவே கடலைப் பற்றிய உரையாடலைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு வடக்கே, புதுச்சேரியின் கிராமங்களில் 1998இல் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கணினி மையங்களைத் தொடங்கினர். இணையம் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலம். அவர்கள் கணினியை முதலில் கொண்டுபோய் இறக்கவில்லை. உங்களுக்கு என்ன செய்தி வேண்டும் என்று வீடுகளில் கேட்டனர். மையத்துக்கான இடத்தை ஊரார் தரவேண்டும். எல்லாச் சாதியினரும் தடையின்றி நுழையக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும் என்றும் நிபந்தனை வைத்தனர். உழவர் கிராமங்களில் விலை நிலவரமும் அரசு உதவித் திட்டங்களும் கேட்கப்பட்டன. வீராம்பட்டினத்து மீனவர்கள் கேட்டது வேறு: நாளை அலை எவ்வளவு உயரம் எழும்?

அந்த விடை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் இருந்தது. தன் கப்பல்களுக்காக அது கணித்துவந்த வங்கக்கடல் அலை உயரத்தை மையத்தில் இருந்தவர்கள் இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தனர். கணினியின் முன் உட்காரவே நேரமில்லாத, வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவரின் காதுக்கு அது போய்ச் சேர்ந்தது. எந்த வல்லரசின் கணிப்போ எந்தக் குப்பத்துக் கட்டுமரத்துக்கோ பயன்பட்ட விந்தையைப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26. அன்று காலை நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு வந்தது. சுமத்திராவில் நிலநடுக்கம் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட அவர், கடல் பொங்கக்கூடும், கரையை விட்டு ஓடுங்கள் என்றார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. சுமார் 500 குடும்பங்கள் வாழ்ந்த அவ்வூரில் உயிர்ச்சேதம் இல்லை. சுனாமிக்காக யாரும் அந்த ஒலிபெருக்கியை வைக்கவில்லை. "அலை எவ்வளவு?" என்று மீனவர் அன்றாடம் கேட்ட கேள்விக்கு விடை கூறவே வைத்திருந்தனர்.

பின்னர் நாட்டளவில் பல மாற்றங்கள் வந்தன. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது வேறொரு குறை வெளிப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே ஓய்ந்துவிடும். பலர் மீளவில்லை. அதன்பின் 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்கு அவர் மொழியிலேயே அளிக்கும். கரை பேசும்; கடல் கேட்கும். கடலிலிருந்து மறுமொழி கூற அதில் வழி இல்லை.

இதற்கு நேர்மாறான கருவி ஒன்று 2010 முதலே இருந்து வந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி. படகு மூழ்கும்போதோ தீப்பற்றும்போதோ பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்குச் செய்தி போகும். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு இடம் தெரிவிக்கப்படும். நாட்டில் 20,000க்கு மேற்பட்ட கருவிகள் பயனில் இருந்தன. நல்ல கருவிதான். ஆனால் பொத்தானை அழுத்தியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு, சுற்றிலும் நீர். தன் அழைப்பு எவர் காதிலாவது விழுந்ததா, விழவில்லையா என்று அவருக்குத் தெரியாது. கருவி அதைச் சொல்லாது. உதவி வருகிறது என்று தெரிந்தால் மனிதன் இன்னும் சில மணி நேரம் மரப்பலகையைப் பற்றிக்கொண்டிருப்பான். தெரியாவிட்டால் கை தளர்ந்துவிடும்.

2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி இந்தக் குறையை நீக்கியது. மீனவரின் அழைப்பு கிடைத்துவிட்டது என்ற மறுமொழி கடலில் இருப்பவருக்கே திரும்பி வரும். புயல், சுனாமி எச்சரிக்கைகளும், மீன் வளம் மிகுந்த இடம் பற்றிய தகவலும் அதே கருவி வழியாக வரும். தொழில்நுட்பக் கண்ணோட்டத்தில் இது ஒரு சிறு சேர்க்கையாக இருக்கலாம். பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த அந்த ஒற்றை மறுமொழியைத்தான் அண்மைக் காலக் கண்டுபிடிப்புகளில் மிக உயர்வாக நான் மதிக்கிறேன்.

கருவி வந்துவிட்டதாலேயே ஒவ்வொரு படகிலும் அது ஏறிவிட்டது என்று பொருளாகாது. தவிர, நம் மாவட்டத்து மீனவரின் கவலை புயல் மட்டுமன்று. 1974 உடன்படிக்கையில் வரைந்த கடல் எல்லைக்கோடு பாக் நீரிணையில் மிக அருகில் கிடக்கிறது. கோட்டைக் கடந்தால் சிறை, படகும் பறிபோகும். எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதி, சுவாமிநாதன் நிறுவனத்தாரின் ஃபிஷர் ஃப்ரெண்ட் என்ற கைப்பேசிச் செயலியில் இருக்கிறது. கோடு எங்கே இருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். மீன் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வீட்டில் அடுப்பெரிய என்ன வழி என்பதற்குக் கருவியிடம் விடை இல்லை. அதை எந்தப் பொறியாளரிடமும் கேட்டுப் பயனில்லை, அரசுகளிடம்தான் கேட்கவேண்டும்.

சைக்கிளின் குறுக்குக் கம்பி

புதிய தொழில்நுட்பம் என்றதும் நாம் பளபளக்கும் பொருளையே எண்ணுகிறோம். 1991இல் நம் மாவட்டத்தையே அசைத்த தொழில்நுட்பம் நூறாண்டுப் பழைய சைக்கிள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களும் அறிவொளி இயக்கத்தாரும் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோயினர். வயல் வேலைக்குச் செல்பவர், கல்குவாரித் தொழிலாளி, அங்கன்வாடி ஊழியர் என ஆயிரக்கணக்கானோர் மிதிக்கக் கற்றனர். நம் முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தனர். அன்று எழுந்த ஏளனப் பேச்சுகளை இன்று பேசியவர்களே மறந்துவிட்டார்கள்.

கடைகளில் பெண்கள் சைக்கிள் தீர்ந்துபோனபோது பலர் ஆண்கள் சைக்கிளை வாங்கினர். பிறகு சிலர் அதையே விரும்பத் தொடங்கினர். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஓடும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம்! பெண்களுக்கென்று அந்தக் கம்பியை நீக்கி வடிவமைத்தவர் சேலையை நினைத்தார். இடுப்பிலிருக்கும் பிள்ளையை நினைக்கவில்லை. புதுக்கோட்டைத் தாய்மார்களைக் கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஏற்ற சைக்கிள் ஒன்று அன்றே பிறந்திருக்கும்.

எந்திரத்துக்கு 'ஆணம்' தெரியுமா?

இப்போது எங்கும் பேசப்படுவது செயற்கை நுண்ணறிவு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாயால் பேசினாலே கைப்பேசி விடை கூறும் காலம் வந்துகொண்டிருக்கிறது. நம் பாட்டிமார்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! ஆனால் எந்திரம் எப்படிப் பேச்சைக் கற்கிறது? மனிதர் பேசியதைக் கேட்டுத்தான். எவர் பேச்சை அது கேட்டதோ அவர் பேச்சே அதற்குப் புரியும்.

சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள 'ஏ.ஐ.ஃபார்பாரத்' குழுவினர் இதை உணர்ந்து, நாடெங்கும் சென்று மக்களின் பேச்சைப் பதிவு செய்து வருகின்றனர். 2024இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேருடைய குரல்கள் அடங்கியிருந்தன; 7,348 மணி நேரப் பேச்சு. எழுதிக் கொடுத்ததை வாசித்தது அதில் சிறு பகுதியே. பெரும்பகுதி மனிதர்கள் இயல்பாகப் பேசியது.

நம் வீட்டுத் தமிழை நினைத்துப் பாருங்கள். 'அத்தா' என்றால் தகப்பனார். 'பள்ளி' என்றால் தொழும் இடம். குழம்பை 'ஆணம்' என்கிறோம். காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்கிறோம். ஒரு மூதாட்டி கைப்பேசியிடம், "பசியாறுன பொறவு மாத்திரை போடணுமா, முன்னாடியா?" என்று கேட்டால் எந்திரத்துக்கு விளங்கவேண்டும். மருந்து விஷயத்தில் தவறாக விளங்கிக்கொண்டால் விபரீதம். இத்தகைய பதிவுக் குழு எதுவும் நம் பகுதிக்கு வந்தால், "படித்தவர்களைப் பேசச் சொல்லுங்கள்" என்று பாட்டிமார்களைப் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் பேச்சுத்தான் அந்த எந்திரத்துக்குத் தேவை. பதிவின் நோக்கம் என்ன, குரலை எதற்குப் பயன்படுத்துவார்கள், யாரிடம் இருக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளவும் தவறாதீர்கள். அது உங்கள் உரிமை.

இனி விஞ்ஞானியோ பொறியாளரோ நம் ஊருக்கு வந்தால் மாணவர்கள் எதைக் கேட்பது என்று எங்கள் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை எழுந்தது. அவரவர் தெருவில் வேலை செய்பவரிடம், "உங்கள் வேலையில் உடம்பை வருத்துவது எது?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவருவது. விடைகள் வரத் தொடங்கின. பூக் கட்டுபவரின் விரல் நுனி, தையல்காரரின் கழுத்து, நோன்புக் கஞ்சி காய்ச்சுபவரின் தோள்.

தஞ்சாவூர்ச் சாலையில் உள்ள ஆதனக்கோட்டையை நீங்கள் அறிவீர்கள். அவ்வழியே போகும் பேருந்துக்குள்ளும் முந்திரி வறுக்கும் மணம் வரும். அங்கே முந்திரிக்கொட்டையை வறுத்து, தட்டி, பருப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும். நானும் இரு மாணவர்களும் ஒரு மூதாட்டியின் அருகில் அமர்ந்து பேசினோம். ஒரு மாணவன் ஆர்வத்தோடு, "கையுறை போட்டுக்கலாமே பாட்டி?" என்றான்.

அவர் கையை நிறுத்தாமலே கூறினார்: "போட்டுப் பாத்தாச்சு தம்பி. கொட்டையை எங்க தட்டணும்னு வெரலுக்குத் தெரிய மாட்டேங்குது. பருப்பு ஒடஞ்சு போகுது. ஒடஞ்ச பருப்புக்கு வெல இல்லை." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் பாய், எண்ணெ மட்டும் படாம, தொட்டா தொட்ட மாதிரியே இருக்குற கையுறை யாராச்சும் செய்வாங்களா?" என்றார்.

மாணவன் அதை அவர் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதிக்கொண்டான்.